தேய்ப்பதா, பூசுவதா

வண்டி பெயின்ட்டுக்கு என்ன வாங்கிப் போடலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். வண்டியின் மேல் எதையாவது சேர்க்கணுமா, இல்லை அதிலிருந்து எதையாவது எடுக்கணுமா? கடையில் எத்தனை டப்பா அடுக்கியிருந்தாலும், அதன் மேல் என்ன பேர் எழுதியிருந்தாலும், வேலை இந்த இரண்டில் ஒன்றுதான். ரப்பிங் காம்பவுண்ட், கட்டிங் பாலீஷ், ஸ்கிராட்ச் ரிமூவர் எல்லாம் எடுக்கிற வகை. வேக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங் எல்லாம் சேர்க்கிற வகை. இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து விற்பதும் உண்டு. அதை வாங்குகிறவருக்குத் தன் கையால் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அதனால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான் கோயமுத்தூரில் ஒரு டிங்கரிங்-பெயின்டிங் பட்டறையில் சின்ன வயதில் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவன். இப்போது குடியிருப்பது ஆனைகட்டியில், கொடுங்கரைப் பள்ளம் என்ற ஓடைக்குக் கேரளப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில். அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே சுவாமி தயானந்த சரஸ்வதி 1990-ல் தொடங்கிய ஆர்ஷ வித்யா குருகுலம் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு அங்கே நடக்கும் வகுப்புகளில் போய் உட்காருகிறேன். சமஸ்கிருதம் எனக்குப் பாதிதான் பிடிபடும். ஆனாலும் ஒரு நாள் பாடத்தில் வந்த சில வரிகள் என் பட்டறையைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தன. இன்றுவரை அவை என்னை விடவில்லை.

பிரம்ம சூத்திரத்தின் நான்காவது சூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய பாஷ்யம் நீளமானது. மோட்சம் ஒரு செயலால் கிடைக்கிற பலனா என்று அதில் விசாரிக்கிறார். செயலால் ஒன்றை உண்டாக்கலாம், போய் அடையலாம், வேறாக மாற்றலாம், செப்பனிடலாம். மோட்சம் இந்த நான்கிலும் அடங்காது என்பது அவர் முடிவு. செப்பனிடுதல் என்ற இடத்துக்கு வரும்போது அதையும் இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு பொருளுக்குக் குணத்தைச் சேர்ப்பது ஒன்று, அதிலுள்ள தோஷத்தை நீக்குவது இன்னொன்று. ஆத்மாவில் சேர்க்கவும் ஒன்றுமில்லை, நீக்கவும் ஒன்றுமில்லை என்கிறார். பாஷ்யத்தில் எதிர்வாதம் செய்கிற எதிராளி விடுவதாயில்லை. கண்ணாடியைத் தேய்த்தால் மறைந்திருந்த பளபளப்பு வெளிப்படுகிறதே, ஆத்மாவுக்கும் அப்படி ஆகட்டுமே என்று கேட்கிறான். ஆத்மா எந்தச் செயலுக்கும் இலக்காகாது, ஆகவே தேய்ப்பதென்பதே அங்கே செல்லாது என்று சங்கரர் மறுக்கிறார். அவர் காலத்துக் கண்ணாடி உலோகம் என்பதை நினைவில் வைத்துப் படித்தால் அந்த உவமை இன்னும் தெளிவாகும். ஆரன்முளையில் இன்றைக்கும் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்தே கண்ணாடி செய்கிறார்கள். தேய்ப்பு இல்லாவிட்டால் அது வெறும் தகடு.

ஆத்மாவைப் பற்றி அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது மற்றவற்றைப் பற்றிய கேள்வி. ஆத்மா அல்லாத எல்லாவற்றுக்கும், வண்டியோ உடம்போ கோயில் விக்கிரகமோ, சேர்ப்பதும் நீக்குவதும் உண்டு. எல்லாம் அழியப்போகிறவை. அழியப்போகிற ஒன்றைப் பேணுகிற கை எந்த வழியில் போவது தர்மம்? சேர்ப்பதுதான் முதல் வழி, நீக்குவது கடைசி வழி என்று நான் நினைக்கிறேன். தோஷத்தை நீக்குவது உயர்ந்தது, மேலே பூசுவது மட்டம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. என் தொழில் எனக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுத்தது.

கருப்பு வண்டி ஒன்றை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு, போனட்டைச் சாய்வாகப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். தூசியோடு காய்ந்த துணியைப் போட்டுத் துடைத்த ஒவ்வொரு காலையும் அங்கே பதிந்திருக்கிறது. கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேல்பூச்சான கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. நகம் மாட்டினால் ஆழம் அதிகம். வழுக்குகிற கீறலின் மேல் காம்பவுண்டைத் தடவி மெஷினை ஓட்டினால் சிறிது நேரத்தில் காணாமல் போய்விடும். வண்டிக்காரர் முகம் மலர்ந்துவிடும். கீறல் போயிடுச்சுங்க என்பார்.

கீறல் எங்கேயும் போவதில்லை. கீறல் என்பது பள்ளம். பள்ளத்தைப் பிடுங்கி எறிய முடியாது. சுற்றியிருந்த நல்ல பெயின்ட் முழுவதையும் அந்தப் பள்ளத்தின் தரைமட்டத்துக்கு நாம் இறக்கிவிட்டிருக்கிறோம். குற்றம் நீங்கியது என்று நினைக்கிற இடத்தில், குற்றமில்லாத பாகம் முழுவதும் தேய்ந்திருக்கிறது. கிளியர் கோட்டின் கனம் பொதுவாக நாற்பது ஐம்பது மைக்ரான்தான், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. கடுமையான காம்பவுண்ட் ஒரு தடவை ஓடினாலே அதில் சில மைக்ரான் போய்விடும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சரக்கும் அந்தப் பூச்சுக்குள்தான் இருக்கிறது. வருஷா வருஷம் தீபாவளிக்குப் பளபளவென்று தேய்த்து வாங்கிய வண்டிகளின் கூரையில் கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாக உரிந்து வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். உரிய ஆரம்பித்த பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

பழைய காலத்தில் இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய நாளில் பட்டறையில் அதிகம் அடித்தது நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட். அமெரிக்காவில் டூப்பான்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த டூக்கோ என்ற பேரே பட்டறைப் பேச்சில் அதற்கு நிலைத்துவிட்டது. அதற்கு மேலே கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல் அடுக்கு. காம்பவுண்ட் தேய்த்தால் சிவப்பு வண்டிக்குத் துணி சிவக்கும், நீல வண்டிக்கு நீலமாகும். எவ்வளவு எடுத்தோம் என்பதைத் துணியே காட்டிக்கொடுக்கும். பட்டறையில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் துணியைப் பார்த்துத்தான் கையை நிறுத்துவார். இன்றைய வண்டியில் மேல் அடுக்குக்கு நிறமில்லை. எவ்வளவு தேய்த்தாலும் துணியில் வண்டியின் நிறம் ஏறுவதில்லை. அதனால் எதையும் இழக்கவில்லை என்று மனசு நம்பிவிடுகிறது. கனத்தை அளக்கும் மீட்டர் பெரிய பட்டறைகளில் உண்டு. வீட்டில் வைத்துத் தேய்க்கிறவரிடம் அது இருக்காது. எனவே வீட்டில் எடுக்கிற வகைச் சாமானை வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்பது என் முதல் பேச்சு. பற்பசை போட்டுத் தேய்ப்பதும் இதே வகைதான். பல்லில் கறையை எடுக்கிற பொடி பெயின்ட்டிலும் எடுக்கத்தான் செய்யும்.

அன்பாகத் தேய்த்தாலும் தேய்மானம் தேய்மானம்தான். பாலக்காட்டுக்காரர்களுக்குப் பழனி ரொம்ப நெருக்கம், வருஷம் ஒரு தரமாவது மலையேறாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அங்கே மூலவர் தண்டாயுதபாணி நவபாஷாணத்தால் ஆனவர், போகர் செய்தது என்பது நம்பிக்கை. பாலும் பஞ்சாமிர்தமும் சந்தனமும் அவர் மேல் எத்தனை தலைமுறையாக விழுந்தன என்று கணக்கில்லை. திருமேனி தேய்ந்துபோனது. கடைசியில் மூலவருக்குச் செய்யும் அபிஷேகங்களையே குறைக்க வேண்டி வந்தது. 2004-ல் அவருக்கு முன்னால் புதிதாக ஒரு பஞ்சலோகச் சிலையை வைத்தார்கள். பக்தர்கள் மனம் ஒப்பவில்லை, சில மாதங்களில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தத் திருமேனியைத் தேய்த்த கைகளில் ஒன்றுகூட விரோதியின் கை இல்லை. இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிள்ளையின் குறையை நீக்குகிறேன் என்று தினமும் உட்காரவைத்துத் தேய்க்கிற அப்பாக்களிடம் பழனியைப் பற்றித்தான் பேசுவேன். குறை கொஞ்சம் மங்கும். அதோடு சேர்ந்து பிள்ளையும் மெலிந்துபோகும்.

ஸ்ரீரங்கத்தில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே மூலவரான பெரிய பெருமாள் சுதையால் ஆனவர், தண்ணீர் பட்டால் தாங்காது. அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை. அவருக்குத் தைலக்காப்பு. ஆனியில் ஜ்யேஷ்டாபிஷேகம் நடக்கும் சமயத்தில் தைலம் சாத்துகிறார்கள். அது காய்கிறவரை திருமேனி திரைக்குள் இருக்கும், திருமுகம் மட்டும் சேவையாகும். எதையும் எடுக்காமல், மேலே ஒரு அடுக்கை ஏற்றி, அது போன பிறகு இன்னொரு அடுக்கை ஏற்றி, நூற்றாண்டுகளாகக் காத்து வருகிறார்கள். தூசியும் காலமும் முதலில் அந்தத் தைலத்தைத்தான் தின்ன வேண்டும். கோயில்களில் பீடத்தோடு மூர்த்தியைப் பிடித்துவைக்கும் அஷ்டபந்தனமும் அப்படித்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகச் சாத்திக் கும்பாபிஷேகம் செய்கிறோம். நிரந்தரமாக ஒட்டுகிற பசையைத் தேடி யாரும் அலையவில்லை. திரும்பவும் செய்யத்தான் வேண்டும் என்பதையே அவர்கள் வழிபாடாக்கிவிட்டார்கள்.

வண்டிக்கு வேக்ஸ் போடுவதை நான் இந்த வழியில்தான் பார்க்கிறேன். நல்ல வேக்ஸில் சேரும் கார்னௌபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளர்கிற ஒரு பனையின் ஓலையிலிருந்து வருகிறது. வறட்சியில் ஓலையின் ஈரம் போய்விடாதிருக்க மரம் தானே சுரந்து பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை வெட்டிக் காயவைத்து உதறினால் பொடியாக உதிரும். பாலக்காட்டுப் பனைகளுக்குக் கீழே நடக்கும்போது அந்த மரத்தையும் நினைத்துக்கொள்வேன். பூசும் விதம் சுலபம். கழுவி, நிழலில் நிறுத்தி, தகரம் சூடாறிய பிறகு, ஒவ்வொரு கதவாக, மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். விரலால் தொட்டு இழுத்தால் பூத்தது போலப் படிந்திருக்க வேண்டும். பிறகு மைக்ரோ ஃபைபர் துணியால், அழுத்தாமல், துடைத்தெடுக்க வேண்டும். கெட்டியாகப் போட்டால் அதிக நாள் நிற்கும் என்பது தப்பு, மிஞ்சியதெல்லாம் துணியோடு வந்துவிடும். இந்தப் பக்கத்து வெயிலுக்கு இரண்டு மூன்று மாதம் தாங்கும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது.

சேர்க்கிற குணமும் எங்கிருந்தோ எடுத்ததுதான் என்பதையும் சொல்ல வேண்டும். கார்னௌபா தோட்டங்களில் ஆட்களை அடிமைகள் போல வைத்து வேலை வாங்கியதை பிரேசிலின் தொழிலாளர் ஆய்வாளர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். பெர்ல் ஒயிட் வண்டியில் வெயில் படும்போது மினுங்குவது மைக்கா. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கத்துக் குழிகளில் சின்னப் பிள்ளைகள் மைக்கா பொறுக்குவதும், மண் சரிந்து செத்துப்போவதும் 2016-ல் பத்திரிகைகளில் விரிவாக வந்தது. அதைப் படித்த பிறகு பெர்ல் பெயின்ட்டைக் கண்டால் என் கை கொஞ்சம் தயங்கும். அடித்தாகிவிட்ட பெயின்ட்டை என்ன செய்ய முடியும்? அது நெடுநாள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ஒரு வண்டிக்கு இரண்டாம் தடவை பெயின்ட் அடிக்கிற தேவையைத் தள்ளிப்போட்டால் அந்தக் குழியில் இருந்து ஒரு பிடி குறைவாகத் தோண்டினால் போதும். என்னால் முடிந்த தர்மம் அவ்வளவு.

கழுவுவதிலும் இதே கணக்குதான். முக்கால்வாசிக் கீறல் கழுவும்போதுதான் விழுகிறது. தடாகம் ஊர்ப்பக்கத்துச் செம்மண் தூசியும் மலைப்பாதைப் புழுதியும் படிந்த வண்டியில் நேராகத் துணியை வைக்கக் கூடாது. முதலில் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும். பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பூ, இன்னொரு வாளியில் சும்மா தண்ணீர். துணியை ஒவ்வொரு தரமும் இரண்டாவது வாளியில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். பாத்திரம் கழுவுகிற லிக்விட் வேண்டாம், அது வேக்ஸையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஓடைக்குள் வண்டியை இறக்கிக் கழுவவே கூடாது. கொடுங்கரைப் பள்ளம் வறண்டு கிடந்த ஓடை. அஹாட்ஸ் என்ற அட்டப்பாடி மலைப்பகுதித் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து, சரிவுகளில் மரம் வைத்து, மண்ணைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் அதில் மறுபடி தண்ணீர் ஓடியது. அந்த வேலையில் இங்குள்ள ஆதிவாசி மக்களின் கை இருக்கிறது. அதில் ஷாம்பூவைக் கலக்க நமக்கு என்ன உரிமை?

அகளி லைனில் பொலீரோ ஓட்டுகிற ஒரு இருளர் தம்பி அடிக்கடி என் வீட்டுப் பக்கம் வருவான். ஒரு நாள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். "பெயின்டரண்ணா, இந்தச் செராமிக் கோட்டிங்கை ஒருக்கா அடிச்சாப் போதுமாமுங்க. கீறலே விழாதாமுங்க, அழுக்கே ஒட்டாதாமுங்க."

"ஒன்பது எச்சுன்னு போட்டிருக்கா தம்பி?"

"ஆமாங்ணா, போட்டிருக்குதுங்க."

அந்த ஒன்பது எச் பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற அளவுகோல். மணல் எந்தப் பென்சிலையும்விடக் கடினம். செராமிக் கோட்டிங் மோசமான சாமான் என்று நான் சொல்லமாட்டேன். சிலிக்காவை ஆதாரமாகக் கொண்ட பூச்சு அது, வேக்ஸைவிட நெடுநாள் நிற்கும். வீட்டிலேயே அடிக்கிற ஸ்பிரே வகை சில மாதம் தாங்கும், விலையும் கையை மீறாது. ஆனால் அதன் மேலும் கல் தெறிக்கும், போர்வெல் தண்ணீரின் உப்புப் புள்ளி படியும், பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் அரிக்கும். பட்டறையில் கோட்டிங் போடுகிறவர்கள் அதற்கு முன் வண்டி முழுவதும் கட்டிங் ஓட்டுவார்கள், இல்லாவிட்டால் பழைய கீறலெல்லாம் பூச்சுக்கு அடியில் அப்படியே தெரியும். சேர்க்கிறேன் என்ற பேரில் முதலில் எடுக்கிறார்கள். தம்பியிடம் இரணியன் கதையைச் சொன்னேன். உள்ளேயும் வெளியேயும் சாவில்லை, பகலிலும் இரவிலும் சாவில்லை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வரம் வாங்கினான். அந்திப்பொழுதும் வாசற்படியும் விட்டுப்போயின. இதனால் அழியாது, அதனால் அழியாது என்று எழுதித் தருகிற எந்தப் பட்டியலிலும் ஒரு வாசற்படி விட்டுப்போயிருக்கும். அழிவே இல்லாத பூச்சைத் தேடுவது அசுர வழி. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் குனிந்து நின்று பூசுவது நமக்குப் போதும்.

வகுப்பில் என்னோடு உட்காருகிற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு மறுத்தார். நாளைக்குத் தகரமாகப் போகிறதற்கு இத்தனை சிரத்தை எடுப்பதே பற்றுதானே, வேதாந்தம் கேட்கிறவர் செய்கிற காரியமா என்றார். நியாயமான கேள்வி, நெடுநாள் யோசித்தேன். எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். நகம் மாட்டாத அந்த மெல்லிய கீறலை அப்படியே இருக்கட்டும் என்று விட முடிகிறதா? பற்று அதைப் பொறுக்காது. பார்க்கிறவர் கண்ணுக்காகத் தேய்த்துத் தேய்த்துப் பொருளையே தின்றுவிடும். பேணுகிறவர் கீறலோடு சேர்த்து அந்தப் பொருளை ஏற்றுக்கொண்டு அதன் மேல் மெழுகு பூசுவார். கையைக் கட்டிக்கொண்டு துருப்பிடிக்க விடுவதை வைராக்கியம் என்று நான் ஒப்ப முடியவில்லை. சுதையால் ஆன பெருமாளும் ஒரு நாள் உதிரக்கூடியவர்தான். அதற்காகத் தைலக்காப்பை யாரும் வீண்வேலை என்பதில்லை. டீச்சர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலையும் காரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள் என்பது அவர் குறை. சிரத்தை எங்கே வைக்கப்படுகிறது என்பதைவிட அது என்ன செய்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன் நான்.

ஆயுத பூஜைக்கு வண்டியில் வைக்கிற சந்தனத்தையும் குங்குமத்தையும் பற்றியும் கேட்பார்கள். தாராளமாக வையுங்கள். வாரக்கணக்கில் காயவிட்டுப் பிறகு சுரண்டாதீர்கள். மறுநாள் காலையில் ஈரத்துணியை அதன் மேல் போட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். பறவை எச்சத்துக்கும் இதே முறைதான், அதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து துடைத்தால் வண்டி மினுங்கும் என்று டிரைவர்கள் செய்வார்கள். மினுங்கும், உண்மைதான். அந்த எண்ணெயில் புழுதி ஒட்டும், மறுநாள் துடைக்கிற துணி அந்தப் புழுதியை உப்புத்தாளாக்கிவிடும்.

கீறலை விட்டுவிடு என்று நான் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. நகம் மாட்டி, அடியில் தகரம் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. துரு ஒரே இடத்தில் நிற்காது, பெயின்ட்டுக்கு அடியிலேயே நாலாபக்கமும் போகும். துரு இருந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் சுத்தம் செய்து, ஈரமில்லாமல் உலர்த்தி, பிரைமர் ஒரு சொட்டு, அது காய்ந்த பிறகு கலர், அதற்கு மேல் கிளியர், எல்லாம் மெல்லிய தூரிகையால். கலரின் குறியீட்டு எண் கதவுத் தூணிலோ போனட்டுக்கு அடியில் உள்ள தகட்டிலோ இருக்கும், அதைச் சொன்னால் டச்-அப் பாட்டில் கிடைக்கும். அது வருகிறவரை நிறமில்லாத நெயில் பாலீஷ் ஒரு துளி வைத்து மூடினாலும் போதும். தம்பியின் பொலீரோவில் பின்கதவுக்குக் கீழே அப்படி ஒரு இடம் இருக்கிறது. இடவப்பாதி என்று இங்கே சொல்கிற தென்மேற்குப் பருவமழை வந்து சேர்வதற்குள் அதை அடைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.